கண்ணாப் பட்டையில் அவித்த களிசான்

என் தங்கை அன்னப்பூரணி தோய்க்கிற உடுப்பு கிழிவதில்லை. பழசாகும், மெலியும், கடைசியில் நூல் தேய்ந்து வெயிலில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் யாரென்று தெரியும். ஆனால் கிழியாது. ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்குத் தோய்க்கச் சொல்லிக்கொடுத்தவள் மூத்தவளான நான்தான். கொஞ்சக் காலத்தில் அவள் தோய்ப்பதைப் பார்த்து நான் என் முறையை மாற்றிக்கொண்டேன்.

உடுப்பு உடுப்பதால் கெடுவதில்லை, தோய்ப்பதால்தான் கெடுகிறது என்பது பூரணியின் கொள்கை. ஆகவே எந்த உடுப்பைக் கையில் எடுத்தாலும் இதைத் தோய்க்கத்தான் வேண்டுமா என்று முதலில் பார்ப்பாள். வெறும் வியர்வை என்றால் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பதோடு சரி, சவர்க்காரம் காட்டமாட்டாள். வாவிச் சேறு பட்டிருந்தால் உடனே நனைக்கமாட்டாள். சேறு காய்ந்து உதிரும் மட்டும் பொறுத்திருந்து, தட்டிவிட்டு, அதன் பிறகுதான் தண்ணீர். ஈரச் சேற்றைக் கழுவினால் அது நூலுக்குள் குடியேறிவிடும் என்பாள். சேலையை முறுக்கிப் பிழியமாட்டாள். கொடியில் போட்டுவிட்டு, தண்ணீர் தானாக இறங்குகிற வரைக்கும் வேறு வேலை பார்ப்பாள். எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில்தான் காயப் போடுவாள். கல்லில் அடித்துத் தோய்க்கிறவர்களைக் கண்டால், ஆட்டை அடிக்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

இன்னொன்று தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் துரு இருக்கிறது. வாளியில் ஒரு இரவு வைத்தால் அடியில் மஞ்சளாகப் படியும். தேத்தண்ணீர்க் கறை பட்ட துணியை அந்தத் தண்ணீரில் போட்டால் கறை கறுத்துவிடும். பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. அதனால் வெள்ளைத் துணிக்கும் கறைக்கும் அவள் மழைத் தண்ணீர்தான் எடுப்பாள். மாரியில் கூரைப் பீலியிலிருந்து பரல் பீப்பாயில் பிடித்து மூடி வைத்திருப்பாள். அதில் யாராவது கால் கழுவினால் அன்றைக்கு அவர்களுக்கு வீட்டில் இருக்க முடியாது.

அவளுடைய புருசன் வினாயகமூர்த்தி வாவியில் வீச்சு வலை போட்டு இறால் பிடிக்கிறவர். அவரிடம் ஒரு நீலச் சேட்டு இருந்தது. ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதோடுதான் வருவார்.

“என்னகா பூரணி, உன்ட மனுசன் என்ட மூத்தவள்ட கலியாணத்துக்கும் இந்தச் சேட்டோடதான வந்தவர்?” என்று பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை வேலிக்கு மேலால் கேட்பார்.

“ஓம் அக்கா. இளையவள்ட கலியாணத்துக்கும் இதோடதான் வருவார். நீங்க மாப்பிள்ளையப் பாருங்க.”

அந்த நேரம் பூரணியின் வீடு கடற்கரைப் பக்கம், ஆச்சிப்பிள்ளை வீட்டுக்கு அடுத்ததாக இருந்தது. என் வீடு வாவிப் பக்கம். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வினாயகமூர்த்தி என் வேலியைக் கட்டித்தர வந்திருந்தார். கட்டுகிற முறை சரியா என்று பார்க்கப் பூரணியும் கூட வந்திருந்தாள். அதனால் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டில் மிஞ்சியது சீமெந்து நிலமும் கிணறும்.

ஆட்களைத் தேடுகிற வேலை முடிந்த பிறகுதான் அவள் உடுப்பைத் தேடினாள். தாழம்பற்றையிலும் முறிந்த பனையிலும் மாட்டிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக முள்ளிலிருந்து எடுத்தாள். இழுக்கவில்லை, கழற்றினாள். தன்னுடையது எது, மற்றவர்களுடையது எது என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் என் வளவுக்குக் கொண்டுவந்து, உப்பு முழுவதும் இறங்கும் வரை சவர்க்காரம் இல்லாமல் மழைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாள். உப்பு நிற்கிற துணியில் சவர்க்காரம் நுரைக்காது. காய்ந்ததும் மடித்து முற்றத்து மர வாங்கில் அடுக்கி வைத்தாள். தங்களுடையதைக் கண்டவர்கள் எடுத்துப் போனார்கள். சில உடுப்புகளை எடுக்க ஒருவரும் வரவில்லை. அவற்றை அவள் கோயில் மடத்தில் கொடுத்தாள். நீலச் சேட்டு கிடைக்கவில்லை. தன் வீடே போன ஆச்சிப்பிள்ளை அந்தச் சேட்டுக்காக அழுதார்.

பள்ளிக்கூடத்தில் நிவாரணம் கொடுத்தபோது ஆளுக்கொரு உடுப்புக் கட்டும் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவை. பூரணியின் கட்டுக்குள் கம்பளித் தொப்பி ஒன்று, நிலத்தில் இழுபடுகிற மினுங்கல் சட்டை ஒன்று, சின்னப் பிள்ளையின் கையுறை, பிறகு ஒரு களிசான், நீளக் காற்சட்டை. பச்சை, மண்ணிறம், கறுப்பு எல்லாம் கலந்து, ஆமிக்காரர் போடுகிற அதே தினுசு. அந்த நாட்டில் இளம் பொடியன்கள் சும்மா ஊர் சுற்ற இப்படிப் போடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள். நாங்கள் அதை நம்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வினாயகமூர்த்தி கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தொடையிலும் முழங்காலிலும்கூடப் பைகள்.

“பூரணி, இஞ்ச பாரு. இதுக்க வெத்திலை, இதுக்க லைற்றர், இதுக்க வலைக்குக் கட்டுற ஈயக் குண்டு. இந்தப் பைக்க என்னத்தப் போடுறதெண்டு இனித்தான் யோசிக்கணும்.”

“கழட்டுங்க.”

“போட்டுப் பாக்கத்தான…”

“பாத்தாச்சி. கழட்டுங்க.”

அதைப் போட்டுக்கொண்டு தோணியில் இறங்கினால் எழுவான்கரையில் காண்கிறவர்கள் அந்தக் கரைக்காரர் என்பார்கள், படுவான்கரையில் காண்கிறவர்கள் இந்தக் கரைக்காரர் என்பார்கள். எங்கள் எழுவான்கரையில் ஆமி, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இயக்கப் பொடியன்கள்; இரண்டு கரையிலும் துவக்கு இருந்தது.

ஆனால் பூரணி அதை வீசவில்லை. உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். இரட்டைத் தையல். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இருபது வருசத்துக்கு இரிக்கும்” என்றாள். வேப்பிலை வைத்து மடித்து, என் றங்குப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அது சமாதான காலம். வீடுகளுக்குள் யாரும் வந்து பெட்டி திறப்பதில்லை. அப்போது அது ஒரு களிசான்தான்.

அடுத்த வருடம் கழிய மீண்டும் சண்டை தொடங்கியது. அதோடு அது வேறு பொருளாகிவிட்டது. ஆமியின் சுற்றிவளைப்பு நடக்காத கிழமை இல்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த ஒருவரை, வீட்டில் ஒரு துண்டு வயர் இருந்ததற்காகக் கொண்டுபோனார்கள். வயரும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. பூரணியும் புருசனும் அப்போது என்னோடுதான் இருந்தார்கள். றங்குப்பெட்டியும் என் அறையில்தான் இருந்தது. அதைத் திறக்கிற அன்றைக்கு வினாயகமூர்த்தியைக் கொண்டுபோவார்கள். அவரைத் தவிர அந்தக் களிசானுக்குப் பொருந்துகிற கால் எங்கள் வீட்டில் இல்லை.

நாங்கள் மூன்று பேரும் குசினியில் இருந்து கதைத்தோம்.

“எரிச்சிருவம்” என்றேன் நான்.

“இது எரிய ஒரு பின்னேரம் போகும் அக்கா. மணம் ஒழுங்கை முழுக்க அடிக்கும். மறுகா ஆரும் வந்து என்ன எரிக்கிறீங்க எண்டு கேட்டா?”

“கல்லக் கட்டி வாவிக்குள்ள இறக்கிருவன்” என்றார் வினாயகமூர்த்தி.

“உங்கட ஆக்கள்ட வலையிலதான் வரும். இது ஆருட எண்டு உங்களுக்கிட்டயே கொண்டுவந்து காட்டுவானுகள்.”

“அப்ப தாழ்ப்பம்” என்றார்.

“புதுசாக் கிண்டின நிலத்தத்தான் அவங்க முதல்ல கிண்டிப் பாக்கிற.”

“என்னதான் செய்யிற பூரணி?” என்றேன்.

அவள் களிசானை மடியில் விரித்து வைத்திருந்தாள். “துணியில ஒரு பிழையும் இல்ல. நிறத்திலதான் பிழை. நிறத்த மாத்துவம்.”

வினாயகமூர்த்தி என்னைப் பார்த்தார். “மச்சி, உங்கட தங்கச்சிக்கு என்ன விடக் களிசான்தான் பெரிசு.”

“உங்களுக்காகத்தான் இந்தப் பாடு. களிசான் தனிய இருந்தா அதுக்கு ஒரு பயமும் இல்ல” என்றாள் பூரணி.

முதலில் குளோரின். சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்ட காலத்தில் ஊர் உடுப்பெல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்தது. அப்போது பூரணி குளோரினைத் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் மிஞ்சிய தூளை ஒரு போத்தலில் மூடி வைத்திருந்தாள். அதைக் கரைத்து, களிசானை அமிழ்த்தி, மேலே வாழையிலை போட்டு வைத்தாள். எடுத்துப் பார்த்தால் பச்சை வைக்கோல் நிறமாகவும், மண்ணிறம் இளஞ்சிவப்பாகவும், கறுப்பு தேத்தண்ணீர் நிறமாகவும் இருந்தன. புள்ளிகள் அப்படியே இருந்தன.

“இப்ப வேற நாட்டு ஆமி மாதிரி இரிக்கி” என்றார் வினாயகமூர்த்தி.

கடும் வெயிலில் கிடந்தால் இன்னும் வெளுக்கும். அது அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அவள் உடுப்பை வெயிலிலிருந்து மறைத்தது அதற்காகத்தான். ஆனால் வெயில் விழுகிற இடமெல்லாம் கண்ணும் விழுகிற இடமாக இருந்தது.

அதன் பிறகுதான் கண்ணாப் பட்டையைப் பற்றி யோசித்தாள். நைலோன் வலை வருவதற்கு முன் எங்கள் அப்பா நூல் வலையை வாவிக்கரைக் கண்ணா மரத்தின் பட்டையோடு சேர்த்து அவிப்பார். வலை செம்மண் நிறத்துக்கு வரும். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் இலேசில் உளுத்துப் போகாது. அந்தச் சாயம் சட்டையில் பட்டால் போகாது என்று அம்மா எங்களை அந்தப் பக்கம் விடமாட்டா. பட்டைச் சாயமும் தேத்தண்ணீர்க் கறையைப் போலத்தான், துருத் தண்ணீர் பட்டால் கறுக்கும். முதலில் மழைத் தண்ணீரில் பட்டையோடு அவித்துச் சிவக்க வைப்பது, பிறகு கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கறுக்க வைப்பது. எந்தத் தண்ணீருக்கு அவள் இத்தனை வருடம் பயந்தாளோ, இப்போது அந்தத் தண்ணீர்தான் தேவையாக இருந்தது.

வினாயகமூர்த்தி முறிந்த கொப்புகளிலிருந்து பட்டை உரித்து, இறால் கூடைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். நெல் அவிக்கிற கிடாரத்தைக் குசினி அடுப்பில் ஏற்றினோம். காலையில் வைத்த தண்ணீர் நன்றாகக் கொதித்து, களிசான் சிவந்து வந்துகொண்டிருந்த நேரம், ஆச்சிப்பிள்ளையின் குரல் கேட்டது. அவரும் அப்போது எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டார்.

“பூரணி! வாறானுகள்கா!”

இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். ஒருவர் படலையில் நின்றார். மற்றவர் உள்ளே வந்தார். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். வினாயகமூர்த்தியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, கிணற்றடியில் நிற்கும்படி கையைக் காட்டினார். அறைக்குள் போய் றங்குப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் போட்டார். பூரணி பின்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். பெட்டியின் அடியில் வேப்பிலை மட்டும் இருந்தது. பிறகு அவர் குசினிக்கு வந்தார். கிடாரத்தின் மூடியைத் திறந்தார்.

“மே மொகக்த?” என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார் என்பது விளங்கியது.

அங்கே சொல்லக்கூடிய பொய்கள் எத்தனையோ இருந்தன. மருந்து என்று சொல்லியிருக்கலாம், மாட்டுக்கு அவிக்கிறோம் என்று கையைக் காட்டியிருக்கலாம். என் தங்கைக்குப் பொய் வராது.

“களிசான்” என்றாள்.

“கலிசம?”

“ஓம், களிசான்.”

இரண்டு பாசையிலும் அது ஏறக்குறைய ஒரே சொல்தான். அதனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போய்விட்டது.

அவர் பக்கத்தில் கிடந்த துடுப்பை எடுத்துக் கிடாரத்துக்குள் விட்டுத் தூக்கினார். ஒரு கால் மேலே வந்தது. செந்நிறம், ஆவி பறந்தது. முழங்கால் பக்கத்தில், தெரிந்தவர்கள் பார்த்தால் மட்டும், ஒரு இலை அளவுக்குப் புள்ளி. எனக்குத் தெரியும், ஆகவே எனக்குத் தெரிந்தது. அவர் கிட்டக் குனிந்தார். ஈரத் துணி பாரம். துடுப்பிலிருந்து வழுக்கித் தொப்பென்று விழுந்தது. சாயம் தெறித்து அவருடைய முழங்காலில் பட்டது.

அவர் துள்ளிப் பின்னால் போனார். சூடும் பட்டிருக்க வேண்டும். படலையில் நின்றவர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வினாயகமூர்த்தி பதறிப்போய், தன்னால் முடிந்த நல்ல காரியமாக, கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

பூரணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவருக்குக் குறுக்கே பாய்ந்தாள்.

“அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க! கறுத்துப் போகும்! கறுத்தா மறுகா போகவே போகா!”

ஒரு ஆண் வாளியோடு ஓடிவருகிறான், ஒரு பெண் கத்தி மறிக்கிறாள். இதை என்னவென்று எடுப்பது என்று அந்த ஆமிப் பொடியனுக்குத் தெரியவில்லை. துவக்கு வாளிப் பக்கம் திரும்பியது. வினாயகமூர்த்தி அந்த இடத்திலேயே நின்றார். வாளியைக் கீழே வைக்கவும் பயம்.

பூரணி துவக்கைப் பார்க்கவில்லை. கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேசிக்காய் ஒன்றைப் பாதியாக வெட்டினாள். பரலிலிருந்து மழைத் தண்ணீர் ஒரு சிரட்டையில் எடுத்தாள். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். எலுமிச்சைப் புளியைத் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

“உரசக் கூடா. உரசினா உள்ளுக்குப் போயிரும்” என்று அவருக்குத் தமிழில் விளக்கினாள். அவர் அசையாமல் நின்றார். அளவெடுக்கிற தையல்காரனுக்கு முன்னால் நிற்கிறவரைப் போல நின்றார். எனக்கு அந்த நேரம் கறையும் கண்ணில் படவில்லை, தேசிக்காயும் கண்ணில் படவில்லை. கிடாரத்தின் மூடி திறந்தே இருந்தது என்பது மட்டும்தான் தெரிந்தது.

கறை மங்கத் தொடங்கியது. பூரணி அவருடைய களிசானை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“அக்கா, இத வெயில்ல போட்டே வெளுக்க வெச்சிரிக்காங்க. உள்பக்கம் திருப்பி நிழல்ல காயப் போடச் சொல்லுங்க.”

“நான் என்னெண்டு சொல்ற? எனக்கு எங்க சிங்களம்?” என்றேன்.

படலையில் நின்றவர் இப்போது குசினி வாசலில் நின்றார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் போலிருக்கிறது. சிரித்துவிட்டு, மற்றவரிடம் சிங்களத்தில் சொன்னார். மற்றவர் ஏதோ சொன்னார்.

“அம்மா, இவர் சொல்றது, காம்ப்ல நிழல் இல்ல.”

“ஏன் தம்பி, மரம் இல்லையா?”

“இருந்தது. நாங்க வெட்டினது.”

பூரணி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப சாக்க விரிச்சுக் கட்டி, அதுக்குக் கீழ காயப் போடுங்க” என்றாள். அதையும் அவர் சிங்களத்தில் சொன்னார்.

முழங்காலில் ஈரம் மட்டும் மிஞ்சியது. அந்த இளம் பொடியன் குனிந்து தடவிப் பார்த்தார், வெளிச்சத்துப் பக்கம் திரும்பி இன்னொருமுறை பார்த்தார். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள். அடுத்து அவர்கள் ஆச்சிப்பிள்ளையின் வீட்டுக்குள் போகிற சத்தம் கேட்டது.

நான் அடுப்படியில் இருந்துவிட்டேன். வினாயகமூர்த்தி வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“பூரணி” என்றார். “இந்தத் தண்ணிய என்ன செய்யிற?”

“கிடாரத்துக்குள்ள ஊத்துங்க. இப்பதான் அது வேணும்.”

ஊற்றினார். சிவப்பு எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கறுத்தது. பூரணி துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

களிசானை அறைக்குள் கயிறு கட்டிக் காய வைத்தோம். காய்ந்த பிறகு உச்சி வெயிலில் வினாயகமூர்த்தியை அதைப் போட்டுக்கொண்டு கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் நடக்க வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கிட்டவும் தூரவும் நின்று பார்த்தோம். குந்தச் சொன்னாள், எழும்பச் சொன்னாள், திரும்பச் சொன்னாள்.

“கலியாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த நேரம் நான் உன்ன இவ்வளவு பாக்கல்ல” என்றார் அவர்.

“பாத்திருக்கணும்” என்றாள்.

புள்ளி தெரியவில்லை. கறுப்புக் களிசான், அவ்வளவுதான். அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு வாவிக்குப் போனார். வாவிக்கரைக் காவலரணில் மறித்தார்கள். பைகளைச் சோதித்தார்கள். பைகள் அதிகம் என்றபடியால் நேரம் எடுத்தது. வெற்றிலையும் லைற்றரும் ஈயக் குண்டும் இருந்தன. போகவிட்டார்கள். எந்த வேலைக்கும் சும்மா நின்றறியாத என் தங்கை, அன்று தோணி திரும்பி வரும் வரைக்கும் கரையில் சும்மா நின்றாள்.

அதிலிருந்து அந்தக் களிசானுக்குத் தனி முறை. சவர்க்காரம் இல்லை, தேய்ப்பு இல்லை, காய வைப்பது அறைக்குள். முழங்காலிலும் இருக்கையிலும் கறுப்பு இறங்குகிறதா என்று ஒவ்வொரு தோய்ப்புக்குப் பிறகும் வாசலில் பிடித்துப் பார்ப்பாள். இலேசாக இறங்கினாலும் கிடாரம் அடுப்பில் ஏறும். எங்கள் வீட்டில் அவ்வளவு கவனமாகப் பார்த்த உடுப்பு வேறு இல்லை. ஆகவே அது எதற்கும் அசையவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். பட்டணத்துப் பக்கம் வெடி கேட்டது. அந்த வெடி வேறு விதமானது, கொண்டாட்டத்துக்குக் கொளுத்துகிறது என்று விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. வினாயகமூர்த்தி வாசலில் சாரத்தோடு இருந்தார். பூரணி களிசானின் முழங்காலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இனி என்ன? வெளுத்தா வெளுக்கட்டும்” என்றார் அவர்.

அவள் துணியை இன்னொரு பக்கம் திருப்பினாள்.

“சண்டைதான் முடிஞ்சிரிக்கி. காவலரண் அங்கதான் இரிக்கி. பட்டை கொண்டு வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கிடாரத்தைக் கழுவ எடுத்தேன். அவர் எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோணியடிக்குப் போனார்.